கட்சி பார்த்து வரும் கோபம்

ஒரு பெண்ணின் கருத்தையோ செயலையோ மறுக்காமல், அவளுடைய உடல், ஒழுக்கம், திருமண நிலை ஆகியவற்றைச் சுட்டி அவளைப் பொதுவெளியில் சிறுமைப்படுத்தும் பேச்சைப் பெண்ணிழிவுப் பேச்சு என்று குறிப்பிடலாம். இந்திய அரசியல் மேடைகளில் அது நெடுங்காலமாகவே ஒலித்துவருகிறது. கடந்த பதினைந்து ஆண்டுகளில் அதற்கு எதிரான கண்டனம் வலுத்திருப்பது வரவேற்கத்தக்க மாற்றம்தான் என்றாலும், அந்தக் கண்டனம் எப்போது எழுகிறது, எப்போது அடங்கிவிடுகிறது என்று கவனித்தால், பேசப்பட்ட சொல்லைவிடப் பேசியவரின் கட்சியே கோபத்தின் அளவைத் தீர்மானிக்கிறது என்பது புலப்படும். இழிவுக்கு ஆளான பெண் அதிகாரியா, தலைவரா, கூலிக்காரியா என்பதைப் பொறுத்தும் கோபத்தின் ஆயுள் கூடிக் குறைகிறது. இவ்விரண்டு பாரபட்சங்களும் ஒருசேர வெளிப்பட்ட நிகழ்வு ஒன்று கேரளத்தின் இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம் வட்டத்தில் 2017இல் நடந்து, உச்ச நீதிமன்றத்தின் அரசமைப்பு அமர்வு வரை சென்று முடிந்தது.

தேவிகுளம் வட்டத்தின் கிழக்கு ஓரத்தில், தமிழ்நாட்டின் கொடைக்கானல் மலைகளை ஒட்டி அமைந்திருக்கும் வட்டவடை, பூண்டும் கேரட்டும் உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் விளையும் படிக்கட்டு வயல்களுக்குப் பெயர்பெற்ற ஊராட்சி. கோவிலூர், கொட்டாக்கொம்பூர் முதலிய ஊர்களில் வீட்டிலும் கடையிலும் புழங்குவது தமிழே. அங்கிருந்து டாப் ஸ்டேஷன், குண்டளை, மாட்டுப்பட்டி வழியாக ஏறத்தாழ 45 கிலோமீட்டர் மேற்கே வந்தால் மூணாறின் தேயிலைத் தோட்டங்கள். வட்டவடையில் காய்கறி விவசாயம், மூணாறில் தோட்டக் கூலி என்று பிழைப்பு வேறுபட்டாலும், இரு பகுதிகளும் ஒரே சட்டமன்றத் தொகுதியைச் சேர்ந்தவை. மலையாளத்தில் நடைபெறும் மாநில அரசியலில் தமிழ் பேசும் சிறுபான்மையினராக இருக்கும் நிலையும் இரண்டுக்கும் பொதுவானது. ஆகவே மூணாற்றுப் பெண்களுக்கு நேர்ந்த அவமதிப்பு, வட்டவடைப் பெண்களுக்கு அயலாரின் செய்தி அல்ல.

2015 செப்டம்பரில் கண்ணன் தேவன் மலைத் தோட்ட நிறுவனத்தில் போனஸ் 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டபோது, கொழுந்து பறிக்கும் பெண்கள் ஆயிரக்கணக்கில் சாலையில் இறங்கினார்கள். நாளொன்றுக்கு 232 ரூபாய் கூலிக்குக் குறைந்தது 21 கிலோ கொழுந்து பறித்து, அதற்கு மேல் பறித்தால் மட்டுமே கூடுதல் காசு பெற்று, 'லயம்' எனப்படும் வரிசைக் குடியிருப்பின் ஓரறை வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவந்தவர்கள் அவர்கள். மூணாற்றைக் கடக்கும் தேசிய நெடுஞ்சாலை நாள்கணக்கில் முடங்கியது. சி.ஐ.டி.யு., ஏ.ஐ.டி.யு.சி., ஐ.என்.டி.யு.சி. ஆகிய மூன்று தொழிற்சங்கங்களின் தலைவர்களையும் அவர்கள் தம் போராட்டக் களத்துக்குள் அனுமதிக்க மறுத்தார்கள். தாங்கள் கூடை சுமக்க, சங்கத்தார் நிர்வாகத்தோடு இசைந்து வசதி பெறுகிறார்கள் என்பது அவர்கள் எழுப்பிய முழக்கங்களின் சாரம். ஆண் தலைமை இல்லாத அந்தக் கூட்டமைப்பு, பெண்களின் ஒற்றுமை என்று பொருள்படும் 'பெம்பிளை ஒருமை' என்ற பெயரைப் பெற்றது. ஒன்பது நாள்களில், 8.33 விழுக்காடு போனஸும் 11.67 விழுக்காடு கருணைத் தொகையுமாக 20 விழுக்காடு வழங்க நிறுவனம் இசைந்தது. கூலியை 500 ரூபாயாக உயர்த்த வேண்டும் என்ற கோரிக்கையோ, அடுத்த மாதம் நடந்த பேச்சுவார்த்தையில் 301 ரூபாயோடு நின்றது. அந்தக் காலம் முழுதும் மாநிலத்தை ஆண்டது காங்கிரஸின் உம்மன் சாண்டி தலைமையிலான ஐக்கிய ஜனநாயக முன்னணி என்பது பின்னால் நிகழ்ந்தவற்றை மதிப்பிடும்போது மறக்கக்கூடாத செய்தி.

அடுத்த ஆண்டு ஆட்சி மாறி, இடதுசாரி முன்னணி பொறுப்பேற்றது. 2017 ஏப்ரலில் மூணாறு வட்டாரத்தில் ஆக்கிரமிப்பு அகற்றும் பணி சூடுபிடித்து, பாப்பாத்திச்சோலையில் அரசு நிலத்தில் நடப்பட்டிருந்த சிலுவை அகற்றப்பட்ட இரண்டாம் நாள், ஏப்ரல் 22 அன்று, மின்துறை அமைச்சர் எம்.எம். மணி இருபதேக்கரில் நிகழ்த்திய உரையில் அதிகாரிகளையும் ஊடகத்தாரையும் சாடிக்கொண்டே வந்து, பெம்பிளை ஒருமைப் போராட்டக் காலத்தில் அருகிலிருந்த காட்டில் குடியும் ஒழுக்கக்கேடும் நடந்ததாகப் பொருள்படப் பேசினார். ஒன்றரை ஆண்டுக்கு முன் முடிந்த கூலிப் போராட்டத்தை, பேச்சின் பொருளுக்குத் தேவையே இல்லாத இடத்தில் இழுத்து, அதில் ஈடுபட்ட பெண்களின் நடத்தையை ஐயத்துக்குரியதாக்கினார். நாள் முழுதும் முதுகில் கொழுந்து மூட்டை சுமந்துவிட்டு லயத்துக்குத் திரும்பும் ஒரு பெண்ணுக்கு, கணவன், மாமியார், அண்டை வீட்டார் நடுவில் இப்படியொரு சொல் என்ன செய்யும் என்பது மலைத்தோட்ட வாழ்வை அறிந்தவருக்கு விளக்க வேண்டியதில்லை. போராடப் போன பெண் வீட்டுக்குப் பதில் சொல்ல வேண்டிய நிலையை ஒரு மாநில அமைச்சர் உண்டாக்கினார்.

பெம்பிளை ஒருமையின் ஜி. கோமதி உள்ளிட்ட பெண்கள் மறுநாளே மூணாறில் அமர்ந்து, அமைச்சர் நேரில் வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும், பதவி விலக வேண்டும் என்று வலியுறுத்தினார்கள்; பிறகு பட்டினிப் போராட்டமும் தொடங்கினார்கள். அமைச்சர் வருத்தம் தெரிவித்தபோதிலும் தம் சொற்கள் திரிக்கப்பட்டன என்றே வாதிட்டார். முதல்வர் பினராயி விஜயன் சட்டமன்றத்தில், மணியின் பேச்சு நாட்டுப்புற நடையில் அமைந்தது என்று கூறி அவருக்கு அரணாக நின்றார். மார்க்சிஸ்ட் கட்சி ஏப்ரல் 26 அன்று மணியைப் பகிரங்கமாகக் கண்டித்தது; அமைச்சர் பதவியில் அவர் தொடர்ந்தார். எதிர்க்கட்சியான ஐக்கிய ஜனநாயக முன்னணி அமைச்சரைச் சட்டமன்றத்தில் புறக்கணித்தது. தலைவர்கள் மூணாறுக்கு வந்து பெண்களின் அருகில் அமர்ந்தார்கள்.

நாட்டுப்புற நடை என்ற வாதத்தைச் சற்று நின்று ஆராய வேண்டும். மலைநாட்டு மக்களின் பேச்சு கரடுமுரடானது, அதில் கள்ளம் இல்லை என்பது அந்த வாதத்தின் உட்பொருள். அதே மலையில் அதே வெயிலிலும் மழையிலும் உழைக்கும் பெண்கள், தங்கள் நடையில் சங்கத் தலைவர்களைச் சாடியபோது, அது நாட்டுப்புற நடை என்று எந்தக் கட்சியும் பொறுத்துக்கொள்ளவில்லை. அவர்களுக்குப் பின்னால் யாரோ தூண்டிவிடுகிறார்கள் என்ற ஐயமே அன்று பரப்பப்பட்டது. ஆணின் கொச்சை வெள்ளந்தித்தனமாகவும், பெண்ணின் கோபம் சதியாகவும் கொள்ளப்படுமானால், அந்தச் சலுகை மண்ணின் பேச்சுக்கு வழங்கப்பட்டதன்று. ஆண் தலைவருக்கு வழங்கப்பட்டது.

எதிர்க்கட்சியின் கோபத்தையும் இதே அளவுகோலால் அளக்க வேண்டும். 2017இல் பெண்களின் மானத்துக்காகக் குரல்கொடுத்த முன்னணி, 2015இல் அவர்களுடைய 500 ரூபாய்க் கோரிக்கை எழுந்தபோது ஆட்சியில் இருந்தது. களத்திலிருந்து விலக்கிவைக்கப்பட்ட சங்கங்களுள் ஒன்று காங்கிரஸ் சார்புச் சங்கம். கூலி கேட்டபோது கிடைக்காத தோழமை, அமைச்சர் ஒருவரை வீழ்த்த வாய்ப்புக் கிடைத்தபோது கிடைத்தது. அவமதிப்பைக் கண்டித்தது சரியே. அந்தக் கண்டனம் அமைச்சரின் பதவி தப்பியதும் தளர்ந்துவிட்டதுதான் குறை.

2019 பிப்ரவரியில் அதே தேவிகுளத்தில் நடந்த இன்னொரு நிகழ்வு, இழிவுக்கு ஆளானவரின் தகுதிநிலை எவ்வளவு வேறுபாட்டை உண்டாக்குகிறது என்பதைக் காட்டுகிறது. முதிரைப்புழை ஆற்றங்கரையில் மூணாறு ஊராட்சி உரிய இசைவு பெறாமல் எழுப்பிய கட்டடத்தைத் சார் ஆட்சியர் ரேணு ராஜ் தடுத்தபோது, மார்க்சிஸ்ட் சட்டமன்ற உறுப்பினர் எஸ். ராஜேந்திரன் அவரை அறிவற்றவர் என்ற பொருளில் இகழ்ந்தார். சில நாள்களுக்குள் கட்சியின் மாவட்டத் தலைமை அதிருப்தி தெரிவித்தது. உறுப்பினரும் வருத்தம் தெரிவித்தார். ஓர் ஐ.ஏ.எஸ். அதிகாரியின் அறிவைப் பழித்ததற்குச் சில நாள்களில் வந்த பணிவு, ஆயிரக்கணக்கான தொழிலாளிப் பெண்களின் ஒழுக்கத்தைப் பழித்ததற்கு அவர்கள் பட்டினி கிடந்த பிறகும், சொற்கள் திரிக்கப்பட்டன என்ற வாதம் கலக்காமல் வரவில்லை.

கேரளத்தின் பிற நிகழ்வுகளை நோக்கினால் எந்த முன்னணியும் மற்றதைப் பார்த்து விரல் நீட்டும் நிலையில் இல்லை. 2015இல் மூணாறுப் பெண்களோடு அமர்ந்து அவர்களுடைய மதிப்பைப் பெற்ற மார்க்சிஸ்ட் மூத்த தலைவர் வி.எஸ். அச்சுதானந்தன், 2011 தேர்தலில் பாலக்காடு மாவட்டம் மலம்புழையில் தம்மை எதிர்த்து நின்ற லதிகா சுபாஷைப் பற்றி இரட்டைப் பொருள்படப் பேசிக் கண்டனத்துக்கு ஆளானவர். 2019இல் ஆலத்தூர் வேட்பாளர் ரம்யா ஹரிதாசைப் பற்றி இடதுசாரி முன்னணி ஒருங்கிணைப்பாளர் ஏ. விஜயராகவன் பேசியதும் அவ்வகையே. அதைக் கண்டித்த காங்கிரஸின் மாநிலத் தலைவர் முல்லப்பள்ளி ராமச்சந்திரன், அடுத்த ஆண்டில் சுகாதார அமைச்சர் கே.கே. சைலஜாவைக் 'கோவிட் ராணி' என்று ஏளனம் செய்தார். பாலியல் வன்கொடுமைக்கு ஆளான தன்மானமுள்ள பெண் உயிரோடு இருக்கமாட்டாள் என்ற கருத்தில் பேசிவிட்டு வருத்தமும் தெரிவித்தார். 2021 மார்ச்சில் இடுக்கியின் இரட்டையாற்றில், மணிக்கு வாக்குக் கேட்டு நடந்த கூட்டத்தில் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் ஜோய்ஸ் ஜார்ஜ், ராகுல் காந்தியைத் தாக்கும் சாக்கில் கல்லூரி மாணவியரை இழிவுபடுத்திவிட்டு மறுநாள் மன்னிப்புக் கேட்டார்.

இவற்றுள் 2022 ஜூலையில் நடந்தது தனித்துக் கூறத்தக்கது. கணவர் டி.பி. சந்திரசேகரன் அரசியல் கொலைக்குப் பலியான பிறகு தேர்தல் களத்துக்கு வந்த சட்டமன்ற உறுப்பினர் கே.கே. ரமாவைப் பற்றி, அவர் கைம்பெண் ஆனது அவருடைய விதி என்று மணி அவையிலேயே கூறினார். அவைத்தலைவர் எம்.பி. ராஜேஷ் அந்தப் பேச்சு முறையற்றது என்று தீர்ப்புரைத்த பிறகு அதைத் திரும்பப் பெற்றார். ஆளுங்கட்சியிலிருந்து வந்த அவைத்தலைவர் தம் கட்சியின் மூத்தவரைத் திருத்தியது குறிப்பிடத்தக்க முன்மாதிரி. ஆனால் அந்த இடைவெளியில் மகளிர் காங்கிரஸார் நடத்திய எதிர்ப்பில் குரங்கின் உருவத்தில் மணியின் முகத்தை ஒட்டிக் காட்டினார்கள். மாநிலத் தலைவர் கே. சுதாகரனோ அதைக் கண்டிக்காமல் மணியின் தோற்றத்தையே இகழ்ந்து, பின்னர் வருந்தினார். ஒரு பெண்ணின் கைம்மையை இகழ்ந்ததற்கு ஒருவரின் முகத்தோற்றத்தை இகழ்ந்து பதில் சொன்னவர்களுக்கு, இழிவுபடுத்துதல் என்ற செயல்மீது வெறுப்பு இருந்தது என்று எப்படிக் கொள்வது? ஈராண்டு கழித்து, 2024 மே மாதத்தில், ரமாவின் சொந்தக் கட்சியான புரட்சிகர மார்க்சிஸ்ட் கட்சியின் தலைவர் கே.எஸ். ஹரிஹரன் வடகரையில் சைலஜாவை இழிவுபடுத்திப் பேசியபோது, ரமா அதைத் தவறு என்று வெளிப்படையாகச் சொன்னார். அவமதிப்பின் வலியை அறிந்த ஒருவர், எதிரணிப் பெண்ணுக்காகத் தம் கட்சிக்காரரைத் தள்ளி நிறுத்தியது கேரள அரசியலில் அரிதாகக் காணக்கிடைக்கும் நேர்மை.

எல்லைக்குக் கிழக்கேயும் நிலைமை வேறில்லை. 2021 தேர்தல் பரப்புரையில் பெண்களின் இடுப்பை மாட்டோடு சேர்த்துப் பேசிய திண்டுக்கல் லியோனி, தி.மு.க. ஆட்சிக்கு வந்த சில மாதங்களில், பள்ளிப் பாடநூல்களை அச்சிடும் அரசுக் கழகத்தின் தலைவரானார். அமைச்சர் பொன்முடி 2022இல் கட்டணமில்லாப் பேருந்தில் செல்லும் பெண்களை 'ஓசி' என்று குறிப்பிட்டபோது பதவிக்குச் சேதம் நேரவில்லை. 2025 ஏப்ரலில் சைவ, வைணவச் சின்னங்களைப் பாலியல் தொழிலாளி ஒருவரின் கதையோடு இணைத்துப் பேசியபோதுதான் முதலில் கட்சிப் பொறுப்பும் பின்னர் அமைச்சர் பதவியும் போயின. கனிமொழி தம் கட்சி அமைச்சரைத் தயங்காமல் கண்டித்தது பாராட்டுக்குரியது. எனினும் புண்பட்டவர்களின் பட்டியலில் பக்தர்கள் இருந்தார்கள், பொதுவாகப் பெண்கள் இருந்தார்கள். அந்தக் கதையில் கேலிப்பொருளாக்கப்பட்ட பாலியல் தொழிலாளிக்காகப் பேசியவர்கள் மிகக் குறைவு. பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் பதிவை 2018இல் பகிர்ந்த, அன்று பா.ஜ.க.வில் இருந்த எஸ்.வி. சேகருக்கு நீதிமன்றம் ஒரு மாதச் சிறைத்தண்டனை விதிக்க 2024 வரை ஆயிற்று.

சொல்லுக்கு எதிரான கோபமும் வாழ்வாதாரத்தைப் பற்றிய அக்கறையும் தனித்தனிப் பாதைகளில் செல்வது இந்நாட்டுக்கு மட்டும் உரியதன்று. 2012 அக்டோபர் 9 அன்று ஆஸ்திரேலியப் பிரதமர் ஜூலியா கில்லார்ட், எதிர்க்கட்சித் தலைவர் டோனி அபாட்டின் பெண்வெறுப்பைச் சாடி ஆற்றிய நாடாளுமன்ற உரை உலகெங்கும் போற்றப்பட்டது. அதன் நியாயம் இன்றும் மங்கவில்லை. ஆனால் அவ்வுரை, பெண்களை இழிவுபடுத்தும் குறுஞ்செய்திகளுக்காக அவைத்தலைவர் பீட்டர் ஸ்லிப்பரை நீக்கக் கோரிய தீர்மானத்தை எதிர்த்து நிகழ்த்தப்பட்டது. அதே நாளில், பெரும்பாலும் தாய்மார்களான ஒற்றைப் பெற்றோர் பலரின் உதவித்தொகையைக் குறைக்கும் அவருடைய அரசின் சட்டம் மேலவையில் நிறைவேறியது. உரையைக் கேட்டவர்கள் கோடிக்கணக்கானோர். சட்டத்தைக் கவனித்தவர்கள் அந்தத் தாய்மார்களும் வெகுசிலரும்.

மணியின் 2017ஆம் ஆண்டுப் பேச்சு இதற்கிடையில் சட்டத்தின் பாதையில் நெடுந்தொலைவு சென்றது. அமைச்சர்களுக்கு நடத்தை நெறி வகுக்கும்படி முதல்வருக்கு ஆணையிடக் கோரிய பொதுநல மனுவைக் கேரள உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. மேல்முறையீடு, புலந்த்ஷகர் கூட்டு வன்கொடுமை வழக்கை அரசியல் சதி என்று உத்தரப் பிரதேச அமைச்சர் ஆசம் கான் கூறியதைப் பற்றிய கௌசல் கிஷோர் வழக்கோடு சேர்த்து, ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வால் விசாரிக்கப்பட்டது. 2023 ஜனவரி 3 அன்று வெளியான தீர்ப்பில், நீதிபதி வி. ராமசுப்பிரமணியன் எழுதிய பெரும்பான்மைக் கருத்து, அமைச்சரவை முழுவதும் சட்டமன்றத்துக்கு ஒன்றாகப் பதில் சொல்லக் கடமைப்பட்டது என்னும் 'கூட்டுப் பொறுப்பு'க் கோட்பாட்டைக் கொண்டு ஓர் அமைச்சரின் பேச்சை அரசின் பேச்சாகக் கருத முடியாது என்று கூறியது. வெறும் பேச்சு மட்டுமே இழப்பீடு கோரத்தக்க தவறு ஆகாது. அதன் விளைவாக அதிகாரிகளின் செயலோ செயலின்மையோ தீங்கு விளைவித்தால் வழக்குத் தொடுக்கலாம் என்றும் அது விளக்கியது. நீதிபதி பி.வி. நாகரத்னா இதிலிருந்து வேறுபட்டு, அந்தப் பேச்சு அரசின் கருத்தையும் பிரதிபலிக்குமானால் அரசும் பொறுப்பேற்க வேண்டும் என்றும், அரசியல் கட்சிகள் தம் உறுப்பினர்களுக்கு நடத்தை நெறி வகுக்கலாம் என்றும் எழுதினார். பேச்சுரிமையை நீதிமன்றமே கூடுதலாகச் சுருக்கும் ஆபத்தை எண்ணினால் பெரும்பான்மைத் தீர்ப்பின் எச்சரிக்கை நியாயமானது. அதன் விளைவோ, பொறுப்பு முழுவதும் கட்சிகளின் மனச்சான்றிடம் ஒப்படைக்கப்பட்டதுதான்.

அந்த மனச்சான்றை அசைக்கும் வலிமை வாக்குக்கு உண்டா என்றால், எண்கள் ஆறுதல் தரவில்லை. 2016இல் உடும்பஞ்சோலையில் 1,109 வாக்கு வேறுபாட்டில் வென்ற மணி, இத்தனை சர்ச்சைகளுக்குப் பிறகு 2021இல் 38,000க்கும் மேற்பட்ட வாக்கு வேறுபாட்டில் வென்றார். பெண்ணிழிவுப் பேச்சைக் கண்டித்த கட்சிகள் பெண்களுக்குத் தந்த இடங்களும் அவ்வாறே: உள்ளாட்சியில் சரிபாதி இடங்களைச் சட்டம் ஒதுக்கியிருக்கும் கேரளத்தில், அத்தகைய ஒதுக்கீடு அப்போது நடைமுறையில் இல்லாத சட்டமன்றத்துக்கு 2021இல் தேர்வான பெண்கள் 140 பேரில் 11 பேர், 2024 மக்களவைத் தேர்தலில் 20 இடங்களில் ஒருவர்கூட இல்லை. 2011இல் இழிவுக்கு ஆளானபோது காங்கிரஸ் அரணாக நின்ற அதே லதிகா சுபாஷ், 2021இல் மாநில மகளிர் காங்கிரஸ் தலைவராக இருந்தும் போட்டியிட இடம் மறுக்கப்பட்டு, கட்சி அலுவலகத்தின் முன் தலையை மழித்துக்கொண்டார்.

மூணாற்றுக்குத் திரும்புவோம். 2020 ஆகஸ்ட் 6 இரவு, அவ்வட்டாரத்தின் ராஜமலைக்கு அருகிலுள்ள பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியதில் 70 பேர் மாண்டார்கள்; அவர்களுள் நால்வரின் உடல் கிடைக்கவே இல்லை. மறுநாள் கரிப்பூரில் நிகழ்ந்த விமான விபத்தில் இறந்தோர் குடும்பங்களுக்கு மாநில அரசு 10 லட்சம் ரூபாயும், பெட்டிமுடிக் குடும்பங்களுக்கு 5 லட்சம் ரூபாயும் அறிவித்தது. ஒரு வாரம் கழித்து முதல்வர் மூணாறுக்கு வந்தபோது, தோட்டத் தொழிலாளருக்குச் சொந்த நிலமும் வீடும் வேண்டும் என்று கேட்டு அவருடைய வாகனத்தை மறிக்க முயன்ற கோமதியைக் காவல் துறை பிடித்துச் சென்றது. மூன்றாண்டுக்கு முன் அவருடைய மானத்துக்காக அருகில் வந்து அமர்ந்த தலைவர்கள், அந்தச் சாலையில் அவரோடு நிற்கவில்லை.

தேர்தல் வரும்போது வட்டவடைக்கும் கோவிலூருக்கும் ஒலிபெருக்கி கட்டிய ஜீப்புகள் எல்லாக் கட்சிக் கொடிகளோடும் ஏறிவரும். எதிரணியினர் பெண்களை இழிவாகப் பேசிய கதைகள் அவற்றில் தவறாமல் ஒலிக்கும். வாக்காளர்கள் அவற்றைக் கேட்கும்போது, பேசுகிறவரின் சொந்தக் கட்சியில் அப்படிப் பேசியவர் யார், அவருக்கு என்ன நேர்ந்தது, 2015இல் கேட்ட 500 ரூபாய்க்கும் 2020இல் கேட்ட நிலத்துக்கும் அந்தக் கட்சி என்ன செய்தது என்று அதே கூட்டத்தில் எழுந்து கேட்க வேண்டும். குறிப்பாக, தாம் வழக்கமாக வாக்களிக்கும் கட்சியிடம் கேட்க வேண்டும்.